பின்பக்கத்தில் ஒரு முத்திரை

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு எழுதுவது. போனில் பேசினால் கட்டிலில் இருந்து அப்பா, "எப்ப வர்றா?" என்று அழ ஆரம்பித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வேறொரு நாட்டில், நான் ஆசைப்பட்ட அதே பேராசிரியையிடம். ஆனால் நான் இங்கே வாங்கியது ஒரு வருட முதுகலைப் பட்டம். இதை எப்படி நம்புவது என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழக அலுவலகம் இழுத்தடித்தது. அசல் சான்றிதழின் பின்பக்கத்தில் அவர்கள் நாட்டுத் தூதரக முத்திரை இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்களாம். நகல் செல்லாது.

இங்கே என் அறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று போன விடுமுறையில் அதை உன் பீரோவில் வைத்துவிட்டு வந்தேனே, உடனே கூரியரில் அனுப்பு. ஜூனோடு என் விசா முடிகிறது. இந்த இடம் நழுவினால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கேயோ ஒரு வருடப் பட்டத்துக்குக் கல்லூரிகளில் வேலை கிடையாது. இருந்து இருந்து இப்போதுதான் ஒரு கதவு திறந்திருக்கிறது அம்மா.

அப்பாவின் கை எப்படி இருக்கிறது?

உன் வாலு


மார்ச் 15

என் வாலுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். நீ நினைத்ததைச் சாதிக்கிறவள், எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் விழுந்த இடது கை இன்னும் வரவில்லை. திருப்பிப் படுக்க வைக்க நான் ஒருத்திதான். முன்பக்கம் நம் கடையில் ஜெராக்ஸ் மிஷின் பேப்பரைக் கடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உள்ளே இருந்து கூப்பிடுவார். உள்ளே போனால் வாசலில் ஆள் கூப்பிடும். தெருமுனை வரை நடந்து எத்தனை நாளாயிற்றோ. குத்திக் காட்டவில்லை, யாரிடம் சொல்வது என்று உன்னிடம் சொல்கிறேன்.

சான்றிதழை அனுப்பிவிட்டேன். உன் அறை ஈரத்தில் கெட்டுவிடுமோ என்று நம் மிஷினிலேயே கனமான ஷீட் போட்டு லேமினேட் செய்திருக்கிறேன். இனி தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


மார்ச் 29

அம்மா,

தூதரகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். பிளாஸ்டிக் மேல் முத்திரை வைக்கமாட்டார்களாம். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, நகரச் சொன்னார்கள்.

அறைக்கு வந்து ஓரத்தை இளக்கி உரித்துப் பார்த்தேன். என் பெயரும் பட்டத்தின் பெயரும் ஷீட்டோடு வந்துவிட்டன. இரண்டாம் பிரதி வர ஆகஸ்ட் ஆகும் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்று பேராசிரியை வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது.

நம் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறதே, 'அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்ய மாட்டோம்' என்று. எட்டாவது படிக்கும்போது நான் சிவப்பு மையில் எழுதியது. எழுதச் சொன்னவள் நீ. பெற்றவர்கள் வந்து கெஞ்சினாலும், "நாளைக்கு சீல் வைக்க முடியாதுங்க, புள்ள வாழ்க்கை" என்று திருப்பி அனுப்புவாய். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது அம்மா. நான் நம்பிவிடுகிறேன்.

உன் மகள்


ஏப்ரல் 11

வாலுக்கு,

உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னல் கொக்கியையும் மாற்றிவிட்டேன். ஜூனில் வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு முரண்டு பிடிக்காமல் சாப்பிட்டார்.

நீ கேட்ட வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். வாயால் சொல்வது என்றால் சொல்லியிருப்பேன். எழுதிக் கொடுக்க வரவில்லை. வா என்று கூப்பிட்டால் நீ வந்திருக்கமாட்டாய். என்னால் தனியாக முடியவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டேன். வாசல் மொட்டையாக இருக்கிறது. நீ வந்து வேறொன்று எழுது, உன் கையெழுத்து மாதிரி வராது.

அம்மா