அசையாத அறுபது சென்டிமீட்டர்

செப்டம்பர் 6

புல்வெளியில் இந்த வருட அளவெடுப்பு முடிந்தது. இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் அடித்தரையில் முட்டும்வரை இறக்க வேண்டும். நூற்றிருபத்தோரு இடம். இடுப்பு விட்டுப்போனது. கோடையில் உருகும் மேல்மண் சராசரி அறுபது சென்டிமீட்டர். நான் இந்த ஆய்வு நிலையத்தில் சேர்ந்த வருடமும் அறுபதுதான். எங்கள் யாகூத்தியா மாகாணம் முழுக்க நிலம் உருகுகிறது என்று ஊரே புலம்பட்டும், என் வெளி இருபத்திரண்டு வருடமாகக் கல்லு மாதிரி இருக்கிறது. புதுப் பள்ளிக்கூடத்தை அங்கேயே கட்டலாம் என்று கிராமத் தலைவர் கவ்ரீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 9

நிலையத்து வேன் ஓட்டி, மின்வேலையும் பார்க்கும் துயாரா வந்து, "புரோகோபி அண்ணே, நான் குட்டையாயிட்டேனா?" என்றாள். நாற்பத்தைந்து வயதில் இதென்ன கேள்வி? வெளியோரத்து ஆன்டெனாக் குழாயில் இருக்கும் மின்பெட்டியை, நான் சேர்ந்த அதே வருடம் அவள்தான் மாட்டினாளாம், தன் நெஞ்சு உயரத்துக்கு. அதற்குப் பிறகு முதல்முறையாக இன்று ஃபியூஸ் மாற்றப் போனால் கை எட்டவில்லையாம்.

"மண்ணுக்குள்ள உறையுற பனி குழாயை மேல தள்ளியிருக்கும்," என்றேன்.

"ஒம்பது மீட்டர் உள்ள போயிருக்கு. அதைத் தள்ளுற பனி இன்னும் பொறக்கல."

"அப்ப நீதான் குட்டையாயிட்ட."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு மீன் சூப் இறங்கவில்லை.

செப்டம்பர் 10

குழாய் நகரவில்லை என்றால் நகர்ந்தது எது?

செப்டம்பர் 11

அளந்தேன். அவள் நெஞ்சு உயரம் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். பெட்டி இருப்பது இருநூற்று ஆறில்.

அட மடையா, புரோகோபி! அடியில் பனிக்கட்டி கரையக் கரைய, மேல்தரை கீழே இறங்கியிருக்கிறது. நானும் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே, நின்ற இடத்திலிருந்து அளந்து, அறுபது, அறுபது என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். பட்டம் வாங்கியவன் நான். கண்டுபிடித்தது ஃபியூஸ் மாற்றப் போனவள். என்ன கண்ணடா அவளுக்கு! பொறாமையாகவும் இருக்கிறது, மறைப்பானேன்.

செப்டம்பர் 12

துயாராவிடம் ஒப்புக்கொண்டேன். நான் அளப்பதைப் பார்த்து அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது.

"யாருகிட்டயும் சொல்லல அண்ணே. நீங்களே சொன்னாத்தான் உங்களுக்கு மரியாதை. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. திங்கக்கிழமை தூண் போட ஆளுங்க வர்றாங்க."

"சொல்லலேன்னா?"

"நான் சொல்லுவேன். என் பொண்ணு அங்க படிக்கப் போறா."

குரலைக்கூட உயர்த்தவில்லை. இருபத்திரண்டு வருட வேலை — எப்படி எழுந்து நின்று சொல்வேன்?

செப்டம்பர் 15, வெள்ளி

ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். தரை இறங்குகிறது, நான் எழுதிக் கொடுத்தது தப்பு, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று.

"இத்தனை வருஷம் அங்க என்னய்யா புடுங்கிட்டிருந்த?" என்றார் கவ்ரீல். நியாயமான கேள்விதான். பின்வரிசையில் சிரித்தார்கள்.

துயாரா எழுந்தாள். "இதுல சிரிக்க என்ன இருக்கு? தரை எவ்வளவு எறங்குச்சுன்னுதான் குழாய் சொல்லும். மொத்தம் எவ்வளவு உருகுச்சுன்னு சொல்ல இவரு அளவும் வேணும். ஒரு வருஷம்கூட விடாம எழுதி வச்சிருக்காரே, உங்கள்ல யாரு அப்படி எதைச் செஞ்சீங்க?"

தான்தான் கண்டுபிடித்தேன் என்று அவள் சொல்லவே இல்லை. அதை நான்தான் சொன்னேன். கண் கலங்கியதை நாலு பேர் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும்.

செப்டம்பர் 18

தூண் ஆட்கள் திரும்பிப் போனார்கள். பள்ளிக்கூடம், அடியில் பனிக்கட்டி இல்லாத பைன் மரத்து மணல்மேட்டுக்கு மாறுகிறது. ஒரு வருடம் தாமதம். கடையில் தாய்மார்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 28

ஒரு வாரம் விடாத மழை. புல்வெளி நடுவில் நிலம் உள்வாங்கி, குளமாகத் தண்ணீர் நிற்கிறது. போன வருடம் ஒன்றாம் வகுப்பு அறைக்கு முளை அடித்துக் குறித்த இடம் அதற்குள் இருக்கிறது.

துயாரா கரையில் வெகுநேரம் நின்றாள். சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்லிக்காட்டியிருந்தாலும் தகும்.

"இந்த வருஷம் ஒண்ணாம் வகுப்புல பதினாலு பேரு சேர்றாங்க," என்றாள். பிறகு குளத்தை அளக்க, அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.