குளியலறைச் சுவரில் நான்கு துளைகள்

பிப்ரவரி 3

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். 24ஆம் தேதி இங்கே வருகிறாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் குளிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பி வாங்கியாயிற்று. நான்கு துளை போட வேண்டும். சுவரோ கான்கிரீட்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டா பத்து நிமிஷத்துல போட்டுட்டுப் போயிடுவார்" என்றாள் மனைவி. இயற்பியல் ஆசிரியன் வீட்டில் துளை போட வெளியாளா?

"அப்ப உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. அவர்கிட்டதான் பெரிய டிரில் மிஷின் இருக்கே."

கேட்டேனே, ஆறு வருஷத்துக்கு முன்னால். புத்தக அலமாரி மாட்ட. "அதெல்லாம் உன் கைக்கு வராதுடா" என்றான், அண்ணி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும். அன்றோடு பேச்சு நின்றது. அலமாரி இன்னும் தரையில்தான் நிற்கிறது. செத்தாலும் கேட்கமாட்டேன். நானே ஒன்று வாங்குகிறேன் — விலை குறைவாக, சுவரைத் துளைக்கிற மாதிரி.

பிப்ரவரி 5

இணையத்தில் 143 விமர்சனங்கள் படித்தேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல் இறங்குகிறது என்கிறார் ஒருவர். அதே மிஷின், சுண்ணாம்பைக்கூடச் சுரண்டவில்லை என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்: "பெட்டி அழகாக உள்ளது. இன்னும் பிரிக்கவில்லை." இப்படியும் மனிதர்கள்!

பிப்ரவரி 8

பதினொரு மிஷின்களுக்கு அட்டவணை போட்டேன். வாட், எடை, ஒயரின் நீளம், நிமிடத்துக்கு எத்தனை அடி அடிக்கும் என்பது வரை. மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு பார்க்கலியே நீங்க."

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

பிப்ரவரி 12

வாங்கிவிட்டேன். அட்டவணையில் கடைசிக்கு முந்தைய விலை. நிமிடத்துக்கு நாற்பத்தைந்தாயிரம் அடி!

"இது கான்கிரீட்டுக்குத் தாங்குமா?" என்று கேட்டேன்.

"நாலு ஓட்டைக்கு இதுவே தாராளம் சார்" என்றார் கடைக்காரர். "டைல்ஸ்ல மட்டும் சும்மா சுத்த விடுங்க. டைல்ஸ் தாண்டினதும்—"

"தெரியும். இருபது வருஷமா பிசிக்ஸ் நடத்துறேன்."

"அப்ப சரி சார்" என்று நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

பிப்ரவரி 15

டைல்ஸ் நான்கு இடத்திலும் அழகாக வழிவிட்டது. விரிசல் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் கான்கிரீட். மிஷின் கத்துகிறது, துளைக்கிற பிட் சூடாகிறது, நகக்கண் அளவு பள்ளம் விழுகிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 16

சுவர் ஜெயித்தது.

பிப்ரவரி 18

அழுத்தம் போதவில்லை என்று கணக்குப் போட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளினேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டடத்தில் ஏதோ விசேஷக் கல் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று பள்ளியில் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மனைவி, தைலம் தேய்த்துக்கொண்டே.

பிப்ரவரி 20

அம்மா போன் பண்ணினாள். "கம்பி மாட்டியாச்சாப்பா?"

"ஆச்சும்மா. கெட்டியா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாய்க்கு என்ன கேடு?

இதுவரை எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அம்மா வழுக்கி விழுந்தது இந்தக் குளியலறையில்தான். கம்பி மாட்டு மாட்டு என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டலாம்மா, மாட்டலாம்மா என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. நாளைக்குப் பள்ளியிலிருந்து வரும்போது ஆளைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 21

ஆள் ஊரில் இல்லை. 25ஆம் தேதிதான் வருவாராம்.

பிப்ரவரி 24

அம்மா வந்துவிட்டாள். அண்ணன் காரில் கொண்டுவந்து கீழேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். பையைத் தூக்கினேன். கல்லாய்க் கனத்தது. புடவைகளுக்கு நடுவில் அவனுடைய டிரில் மிஷின் பெட்டி.

"உன் அண்ணன்தான் குடுத்து விட்டான். நீ கேக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியாதா?"

"கம்பி மாட்டியாச்சுன்னு சொன்னேனேம்மா."

"நீ சொன்ன. நாங்கதான் நம்பல."

பெட்டியைத் திருப்பினேன். கம்பெனி ஒட்டிய சீல் அப்படியே இருக்கிறது. ஆறு வருஷம்! ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. என் கைக்கு வராது என்றவன்! சிரிப்பதா, அழுவதா?

பெட்டியின் பக்கவாட்டில் படம் போட்டிருந்தது. சுவர் துளைக்கும்போது மேலே இருக்கும் சுவிட்சைச் சுத்தியல் படத்துக்குத் தள்ள வேண்டுமாம். மெதுவாகப் போய் என் மிஷினை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே சுவிட்ச். அதே சுத்தியல். தள்ளியிருந்ததோ மறுபக்கம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் ஒரு அடிகூட வைக்காமல் பத்து நாளாகச் சுவரைத் திட்டியிருக்கிறேன்.

தள்ளினேன். கால் மணி நேரத்தில் நான்கு துளை. பிளக் செருகி, ஸ்குரூ முடுக்கி, கம்பி ஏறியது. அம்மா பிடித்து இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்றேன்.

பிப்ரவரி 26

அண்ணன் மிஷினின் சீலைப் பிரித்தேன். பிட்டிலும் முனையிலும் குளியலறைத் தூளைத் தடவினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "பிடியிலயும் கொஞ்சம் தடவுடா" என்றாள்.

பிறகு போன் பண்ணினேன். "அண்ணா, உன் மிஷினாலதான் வேலை முடிஞ்சுது." முழுப் பொய் இல்லை.

"நல்ல மிஷின்ல?" என்றான்.

"அருமை. கொஞ்சம் கை பழகணும்."

"ஆமாமா. நானும் எடுத்து ரொம்ப நாளாச்சு."

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு முதுகு வலியாம். அவன் வீட்டு ஹாலில் நிலைக்கண்ணாடி ஒன்று ஆறு வருஷமாகத் தரையில் சாய்ந்து நிற்கிறதாம். வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். அவன் மிஷினையே எடுத்துப்போய் இரண்டு துளை போட்டேன்.

"உன் கைக்கு நல்லா வருதுடா" என்றான், அண்ணி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும்.