அம்மா, உங்க கார் ஜெயிச்சிருச்சு

என் அம்மாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்க கார் முதலாவதாக வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின கிழமை அனுப்பினீங்களே, உயரமாக, மூக்கு குட்டையாக, பேக்கரியில் பாண் அடுக்குகிற பெட்டி மாதிரி இருக்கிறதென்று தம்பி வீடியோவில் பார்த்து "பாண் பெட்டி" என்று கிண்டல் பண்ணினானே, அதே கார்தான்.

இதைச் சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எரிச்சல் எரிச்சலாக வருகிறது. நீங்க போன பிறகு உங்க பேருக்காக நான் பட்ட பாட்டை வேறு யாரிடம் சொல்வது? அப்பாவிடம் வாயைத் திறந்தால், "இல்லாத காருக்காக இருக்கிற மனுசனுங்களோட எதுக்குடி சண்டை?" என்று கேட்டுவிட்டு, தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனைத் துடைக்கப் போய்விடுகிறார்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குறுக்கே பேசாதீங்க.

தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை முன்னறையில் விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு. கார் ஓட்டுகிற விளையாட்டு இல்லை, கார் செய்கிற விளையாட்டு. எஞ்சின், கியர், கதவு, சீட்டு எல்லாவற்றையும் நாமே தீர்மானித்து திரைக்குள் ஒரு காரை உருவாக்க வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் அதில் என்னத்தைக் கண்டார் என்று எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. "இவன் இதுல அப்படி என்னதான் பாத்துக்கிட்டு இருந்தான்?" என்று பார்க்கத்தான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தீங்க. பிறகு எழும்பவே இல்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசம் வீடு முழுக்க வந்தாலும், "இந்த ரெண்டாவது கியர மட்டும் சரி பண்ணிட்டு வர்றேன்" என்பீங்க.

அந்த விளையாட்டுக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இணையத்தில் அவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழுவில் ஒரு போட்டி நடக்கிறது. ஒருவர் கார் வாங்க வந்த வாடிக்கையாளர் மாதிரி தன் தேவையை எழுதுவார். மற்றவர்கள் அதற்கேற்ற காரைச் செய்து அனுப்புவார்கள். எல்லாவற்றையும் பார்த்து அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். ஜெயித்தவர்தான் அடுத்த சுற்றின் வாடிக்கையாளர்.

"பரிசு என்னா?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார்.

"அடுத்த போட்டிய நடத்தலாம்," என்றீங்க.

"அது பரிசா, தண்டனையா?"

நீங்க சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "என்ன வேணும்னு நான் சொல்லுவேன். அத்தன பேரும் உக்காந்து அத செஞ்சு குடுப்பானுங்க. பரிசில்லாம என்ன?" என்றீங்க. அப்பா வேனைப் பார்க்கப் போய்விட்டார். நீங்க சொன்னதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

உங்களுடைய அந்தக் கடைசிச் சுற்றின் வாடிக்கையாளர் ஒரு பெண் என்று எழுதியிருந்தது. மலை ஊர், செங்குத்தான ரோடு, ரெண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். வாசித்ததும், "இவ நம்ம ஊரு மஹய்யாவக்காரிதான், சந்தேகமே இல்ல," என்றீங்க. மழை பெய்தால் திரீவீல் ஆட்டோக்காரர்கள் நம் வீட்டு மேட்டுக்கு வரமாட்டோம் என்று கீழேயே இறக்கிவிட்டுப் போகிறார்களே, அந்தக் கோபத்தையெல்லாம் அந்தக் காரில் போட்டீங்க. மேட்டில் நின்று கிளம்பினால் பின்னால் உருளாத கியர். ஏறி முடிக்கிற இடத்தில் முன்னால் ரோடு தெரிய வேண்டும் என்று குட்டை மூக்கு. முழங்காலை மடக்காமல் ஏறுகிற அளவுக்கு அகலமான கதவு. மற்றவர்கள் அனுப்பினதெல்லாம் நீளமும் பளபளப்புமாக இருந்தது. உங்க கார் அவலட்சணம்தான் அம்மா, கோவிக்காதீங்க.

அதற்கு இங்கிலீஷில் விளம்பரம் எழுதிக் கொடுத்தது நான். முழுக் குடும்பத்துக்கும் சௌகரியம் என்று ஆரம்பித்திருந்தேன். "அத எடு தர்ஷினி. எல்லாக் கார்க்காரனும் அதத்தான் சொல்லுவான். மழையில ஏறும்னு எழுது. போதும்," என்றீங்க.

அந்தக் குழுவில் உங்க பேர் 'மேட்டுத்தெரு'. வாயில் நுழையாமல் அவர்கள் 'மெட்டு' என்று சுருக்கி, கடைசியில் ஆம்பிளை என்று நினைத்து மெட்டு ப்ரோ ஆக்கிவிட்டார்கள். திருத்தச் சொன்னேன். "இருக்கட்டும். டீச்சர்னு தெரிஞ்சா பயந்துருவானுங்க," என்று விட்டுட்டீங்க. விட்டிருக்கக் கூடாது அம்மா.

பிறகு காய்ச்சல். சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "முடிவு வந்துருச்சா?" என்று கேட்டீங்க. டாக்டர் ஏதோ ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கிறீங்க என்று நினைத்து, "இன்னும் வரல்ல டீச்சர்," என்றார். நாம் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு காலையில் தூசி தட்டுவதற்காகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். உங்க பேருக்கு வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. நான் தூசித் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். நான் உண்மையை எழுதினேன். இது மெட்டு ப்ரோ இல்லை, அவருடைய மகள். என் அம்மா தவறிவிட்டார். அவருடைய சுற்றை அவருக்காக நான் நடத்தித் தரலாமா?

குழுவின் பொறுப்பாளர் ஒருவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். முன்பு ஒருவர் தான் செத்துப்போனதாக நடித்து எல்லாரையும் ஏமாற்றினாராம். அதனால் ஆதாரம் வேண்டுமாம்.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. கையில் இருந்த பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கத்தினார். "என் பொண்டாட்டி செத்தத எவனோ ஒருத்தனுக்கு நான் நிரூபிச்சுக் காட்டணுமா? அந்தச் சனியன நிப்பாட்டு!"

நான் நிப்பாட்டவில்லை. தெருமுனை மதிலில் ஒட்டியிருந்த உங்க மரண அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பினேன். அவருக்குத் தமிழ் தெரியாதே, வரி வரியாக மொழிபெயர்த்தும் கொடுத்தேன். அன்பு மனைவி. பாசமிகு தாய். முன்னாள் ஆசிரியை. மொழிபெயர்க்கும்போதுதான் கவனித்தேன், காரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நாங்கள்தானே எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கே தோன்றவில்லை.

பதில் வந்தது. நம்புகிறார்களாம். ஆழ்ந்த அனுதாபங்களாம். ஆனால் ஒருவருடைய கணக்கை இன்னொருவர் பாவிக்க விதியில் இடமில்லையாம். ஆகவே உங்க கணக்கை மூடிவிட்டார்களாம். அடுத்த சுற்றை இரண்டாவதாக வந்தவர் நடத்துவாராம்.

பார்த்தீங்களா? நம்பாத வரைக்கும் கதவு திறந்திருந்தது. நம்பினதும் பூட்டிவிட்டார்கள். நீங்க கணக்கு டீச்சர்தானே, இது என்ன கணக்கு?

தம்பி வீடியோவில் வந்தான். "அக்கா, நீ ஏன் உண்மைய சொன்ன? அம்மா பேர்லயே எழுதிப் போட்டிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்ப அம்மா இன்னும் ப்ரோவாவே இருக்கணுமா?"

"விடுக்கா. அது ஒரு கேம்."

"கேமுன்னா நீ ஏன்டா அழுவுற?"

அவன் கேமராவை நிறுத்திவிட்டான். குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பாண் பெட்டி என்று சொன்னதை நீங்க மனசில் வைத்திருந்தீங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். இல்லைதானே?

ரெண்டாவதாக வந்தவர் ரேஸ் கார் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அது அவர் விருப்பம். ஆனால் அந்த இடத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், கஞ்சி குடித்து முடித்த தெம்பில் நீங்களே சொன்னீங்க.

"நான் ஜெயிச்சா, கார் வாங்க வர்றது ஒரு பொம்பள. வயசானவ. தனியாப் போவா. ரெண்டு சீட்டு போதும்."

"ரெண்டாவது சீட்டு யாருக்கும்மா?" என்று கேட்டேன். எனக்கு என்று சொல்வீங்க என்று நினைத்தேன்.

"பேக் வைக்க," என்றீங்க.

சிரித்துவிட்டு கோப்பையைக் கழுவப் போனேன். இப்போது வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் மனசில் அதுதான் ஓடுகிறது. அப்பா இல்லை, தம்பி இல்லை, நான் இல்லை. எங்கே போக நினைத்தீங்க? எத்தனை காலமாக நினைத்தீங்க? எங்களை ஏற்றி இறக்கி அவ்வளவு அலுத்துப் போச்சா? அன்றைக்கே கேட்டிருந்தால் சொல்லியிருப்பீங்களா, இல்லை "சும்மா ஒரு விளையாட்டுடி" என்று மழுப்பியிருப்பீங்களா? உங்க மேலும் எனக்குக் கோபம்தான். யாரிடமாவது கோவிக்க வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பது நீங்க விட்டுப்போன கதிரை மட்டும்தான்.

நான் என் பேரில் ஒரு கணக்குத் தொடங்கி, குழுவில் என் ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். சிலர் அனுதாபம் சொன்னார்கள். ஒருவர் விதி விதிதான் என்றார். உங்க காரைத் தேர்ந்தெடுத்த அந்த 'வாடிக்கையாளர்' தனியாக எழுதினார். ஏதோ குளிர் நாட்டுக்காரர். எந்த ஆதாரமும் பார்க்காமலே என்னை நம்பினாராம். போட்டி நடக்கும்போது எல்லாரும் எஞ்சினைப் பற்றியே கேள்வி கேட்டார்களாம். மெட்டு மட்டும் கேட்டது வேறாம்: 'மாமியார் முன்னுக்கு உட்காருவாரா, பின்னுக்கா? அவருக்கு முழங்கால் வலி உண்டா?' அதைப் பார்த்ததும், இது இளவட்டம் இல்லை என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். உங்களுக்காகப் பொறுப்பாளர்களிடம் பேசியும் பார்த்தாராம். அவர்கள் மசியவில்லையாம். விதியை மாற்ற முடியாது, ஆனால் ஜெயித்தவர் எந்த மாதிரி வாடிக்கையாளரையும் கேட்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது என்று முடித்திருந்தார்.

அப்படியானால் நான் ஜெயிக்க வேண்டும். வேறு வழியில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கியர் என்றால் என்னவென்று அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருந்தும் ரேஸ் கார் சுற்றுக்கு ஒன்று செய்தேன். அப்பா வேன் சாவியை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். திரையை உற்றுப் பார்த்தார்.

"பிரேக் எங்கடி?"

"இருக்குப்பா. சின்னதா போட்டிருக்கேன். பாரம் குறையும்ல?"

"வேகத்துக்கு இது பத்தாது. கடுகண்ணாவ மலை எறக்கத்துல நேரா பள்ளத்துக்குத்தான் போவும். தள்ளு."

உங்க கதிரைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் புரியாததை அவர் சொல்ல, அவருக்குப் புரியாததை நான் தட்ட, சண்டை போட்டுப் போட்டு ஒன்றை அனுப்பினோம்.

கடைசியாக வந்தோம். எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. ரேஸ் கார் கேட்ட அந்த ஆள், எங்கள் கார் பழைய ஸ்கூல் வேன் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "வேன்னா அவனுக்கு என்ன எளக்காரம்? அடுத்ததுக்கும் போடு," என்றார்.

போடுவேன் அம்மா. அதற்கு அடுத்ததற்கும் போடுவேன். எப்போது என்று தெரியாது, ஒரு நாள் ஜெயிப்பேன். அன்றைக்கு அந்தப் பொம்பளையை நீங்க சொன்னபடியே எழுதுவேன்: வயசானவள், தனியாகப் போவாள், ரெண்டு சீட்டு போதும். பின்னால் எங்களுக்கு ஒரு சீட்டு வேண்டும் என்று கை துறுதுறுக்கத்தான் செய்யும். சேர்க்கமாட்டேன். இது சத்தியம்.

கோபம் இன்னும் ஆறாத
உங்க மூத்த மகள்,
தர்ஷினி