கூரையை வெட்டும் முன்

குறட்டைக்காரருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மெக்கானிக் பதினொரு மணிக்கு உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப்போக வருவார். சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நேற்று நீங்கள் குளிக்கும்போது என்னிடம் புலம்பினார்: "அக்கா, கூரையை வெட்டினா வெட்டினதுதான். சன்ரூஃப் கண்ணாடி போட்டப்புறம் வேண்டாம்னா நான் எங்க போறது? சார் என்னடான்னா, பெத்த பிள்ளைக்கு ஆபரேஷன்னு சொன்ன மாதிரி முழிக்கிறார்."

இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று நான் சொன்னதற்குத்தானே இந்த சன்ரூஃப்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். அன்று ஊரிலிருந்து திரும்பும்போது நான்கு மணி நேரம் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் வாயே திறக்காமல் வந்தீர்கள். கோபம் அதற்குத்தான்.

ஆனாலும் பதினெட்டு வருடமாக ஒரு கீறல் விழவிடாத கூரையை எனக்காக வெட்டத் துணிந்திருக்கிறீர்கள். காலையில் பல் தேய்க்கும்போது அதை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

கூரை அப்படியே இருக்கட்டும். மெக்கானிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் ஏறுகிறேன்.

பி.கு.: முதல் சிக்னல் வருவதற்குள் ஏதாவது பேசிவிட வேண்டும். எஞ்சினைப் பற்றி என்றாலும் சரி.