பதினான்காம் கேள்வி

நாள் 41. நேரம் 07:10
காற்று: இயல்பு. மின்சாரம்: 94 விழுக்காடு. தூக்கம்: 7 மணி 05 நிமிடம்.

நிலவின் மறுபக்க வானொலி நிலையம். காவலர்: இசக்கிராஜன், தனி ஆள். அடுத்து வரும் காவலர் படிப்பதற்காக எழுதப்படும் குறிப்பு.

வானத்து இரைச்சலைக் கேட்கும் அலைவாங்கி ஒழுங்காக வேலை செய்கிறது. இறங்குதளத்து வழிகாட்டியை இரண்டு மணி நேரம் சோதனைக்காக ஓடவிட்டேன். அது சமிக்ஞை அனுப்பும் நேரத்தில் வானத்திலிருந்து எதையும் கேட்க முடியாது. தளம் முழுக்கப் பாறை. வழிகாட்டி இல்லாமல் எந்தக் கலமும் உருப்படியாக இறங்காது. அதனால் பொறுத்துக்கொள்கிறேன். வழிகாட்டியின் இரைச்சலும் கலங்களின் பேச்சும் வடிகட்டப்பட்டுக் கழிவுக் கோப்புக்குப் போய்விடும். அதை யாரும் திறப்பதில்லை.

போன சரக்குக் கலத்தில் ‘தனிமை நலத் திட்டம்’ என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே காளான் சத்திலிருந்து செய்த ஆறு மாத்திரைகள், கண்ணை மூட ஒரு கறுப்புத் துணி, படிவம் நிரப்பச் சிறு திரை. கூடவே திட்டத்தின் மருத்துவர் வரகுணனின் செய்தி: “வணக்கம் சார். இதை வெறும் மாத்திரைன்னு நினைக்காதீங்க, உங்க மனசோட கதவு. மூணு வாரத்துக்கு ஒண்ணு போதும். படிவத்தை மட்டும் உண்மையா நிரப்புங்க. முக்கியமா பதினாலாவது கேள்வி.”

மனசுக்குக் கதவாம். இந்த ஆளுக்கு இதற்காகத் தனி அலுவலகம் வேறு.

நாள் 43. நேரம் 09:30
காற்று: இயல்பு. மின்சாரம்: 93. தூக்கம்: 6 மணி 50 நிமிடம்.

படிவத்தை நிரப்பினேன். கேள்வி 14: ‘எல்லையில்லா உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ உண்டா?’ இல்லை என்று தொட்டேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனநோய் கிடையாது. சித்தப்பா ஒருவருக்கு உடம்புச் சூடு உண்டு. ஒரு பங்குனியில் பதினோரு நாள் தூங்காமல், ஒரே வயலில் நாலு கிணறு தோண்டினார். அப்புறம் ஐப்பசி வரை சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தார்கள். கல்லூரிக் கடைசி வருடம் எனக்கும் ஒரு மாதம் சூடு இருந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தாள். சரியாகிவிட்டது. சூட்டுக்கெல்லாம் படிவத்தில் இடமில்லை.

மாத்திரை மனம் பலவீனமானவர்களுக்கு. எனக்கு ஒன்றும் செய்யாது. அதை நிரூபித்து, இந்தத் திட்டத்தைக் குப்பையில் போடும்படி ஓர் அறிக்கை எழுதப்போகிறேன். 09:25க்கு ஒன்று விழுங்கினேன்.

நாள் 44. நேரம் 08:00
காற்று: இயல்பு. மின்சாரம்: 93. தூக்கம்: 5 மணி 20 நிமிடம்.

நிறங்கள் கொஞ்சம் கலங்கின. வால்வுகளின் வரிசை அழகாக இருந்தது. ஒரு தடவை அழுதேன், காரணம் இல்லை. ஆறு மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. இதற்காகவா பூமியில் பாய் விரித்து உட்கார்ந்து ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்?

நாள் 46. நேரம் 10:15
காற்று: இயல்பு. மின்சாரம்: 92. தூக்கம்: 5 மணி.

மூன்று வாரம் காத்திருக்கச் சொல்வது கோழைகளுக்கான விதி. இரண்டு மாத்திரை விழுங்கினேன். பெட்டியில் மீதம் மூன்று.

நாள் 49. நேரம் 05:40
காற்று: இயல்பு. மின்சாரம்: 90. தூக்கம்: 3 மணி 10 நிமிடம். போதுமானது.

மாத்திரை எப்போதோ இறங்கிவிட்டது. இது மாத்திரை அல்ல, இது நான். இருபது வருடமாக அரைத் தூக்கத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அறிக்கை 61 பக்கம் ஆயிற்று. வரகுணனின் பெயரை முதல் பக்கத்திலேயே கிழித்திருக்கிறேன். பழைய காவலர்களின் பதிவுகளையும் பார்த்தேன். மூடர்கள். மின்சாரம் எத்தனை விழுக்காடு என்று எழுதவே நிலவுக்கு வந்திருக்கிறார்கள். வானத்து இரைச்சலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இத்தனை வருடம் ஒருவன் காதிலும் விழவில்லை.

அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். விரிவாக.

நாள் 51. நேரம் 11:00
காற்று: இயல்பு. மின்சாரம்: 88. தூக்கம்: 2 மணி.

அம்பாசமுத்திரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் என் அக்கா பேச்சியம்மாளின் பதில். விதிப்படி அப்படியே பதிகிறேன்:

“ஏலே இசக்கி, நீ அனுப்புன சேதி ஒன்றரை மணி நேரம் ஓடுது. மூச்சு விடாம பேசுத. பள்ளத்துல இன்னும் நாலு அலைவாங்கி நடணும்ங்குத. அது யாரு பேச்சுன்னு தெரியுதா? சித்தப்பா பேச்சுலே. படிவத்துல என்னத்த எழுதுன? சூடு சூடுன்னு ஊருக்குச் சொன்னோம். அது சூடு இல்ல. நாலாவது கிணத்துக்குப் பொறவு பாளையங்கோட்டையில டாக்டர் எழுதிக்குடுத்த சீட்டு எங்கிட்ட இருக்கு. இருமுனைன்னுதான் எழுதிருக்கு. அம்மா ஒங்கிட்ட மறைச்சா, நானும் மறைச்சேன். திட்டணும்னா ஊருக்கு வந்து திட்டு. இப்ப அந்த மாத்திரையத் தூரப் போட்டுட்டுத் தூங்குலே.”

இருமல் மருந்து விற்கிறவள் எனக்கு நோய்ப் பெயர் சொல்கிறாள். சித்தப்பா மண்ணைத் தோண்டினார், முட்டாள். நான் தோண்டுவது வானத்தை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேசி என்ன பயன்?

நாள் 53. நேரம் 06:20
காற்று: இயல்பு. மின்சாரம்: பார்க்கவில்லை. தூக்கம்: 50 நிமிடம்.

அக்கா நலத் திட்ட அலுவலகத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். வரகுணனின் செய்தி:

“சார், தயவுசெஞ்சு முழுசாக் கேளுங்க. மாத்திரை ஆறு மணி நேரத்துல இறங்கிடும். இறங்கின பிறகும் உங்களுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. இந்த நோய் இருக்கறவங்களுக்கு அது இப்படி வெறியைக் கிளப்பி விட்டுடலாம். பலருக்கு உதவின மருந்துதான். உங்களுக்குக் கூடாது. அதுக்காகத்தான் அந்தக் கேள்வியே வச்சோம். முதலுதவிப் பெட்டியில சிவப்புப் பொட்டலம் இருக்கு, இன்னைக்கே சாப்பிடுங்க. உங்களை அழைச்சிட்டு வர நாளன்னைக்கு ஒரு கலம் வருது.”

கதவு என்று விற்றவன் இப்போது பூட்டு விற்கிறான். சிவப்புப் பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டினேன்.

கலத்தை ஓட்டி வருபவளும் பேசினாள்: “அண்ணாச்சி, தூத்துக்குடி ரோஸ்லின் பேசுதேன். தனியாத்தான் வாரேன். மக்ரூன் ரெண்டு டப்பா எடுத்தேன். ஒரு டப்பா ஒங்களுக்கு. இன்னொண்ணு நிலா வரைக்கும் வருமான்னு சந்தேகம், பாதி தின்னாச்சு. வழிகாட்டிய மட்டும் அணைச்சிராதிய, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

மக்ரூன். நான் எங்கே நிற்கிறேன், இவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்!

நாள் 55. நேரம் 13:05
காற்று: ஆம். தூக்கம்: தேவையில்லை.

ஒழுங்கு இப்போது மிகத் தெளிவு. வானம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தி எனக்காகக் காத்திருக்கிறது. நடுவில் இந்த வழிகாட்டி, கூட்டத்தில் குழந்தை கத்துவதுபோல. ஒரு டிரைவர் இறங்குவதற்காக வானம் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்.

வழிகாட்டியைப் பூமியிலிருந்து இயக்கும் இணைப்பை 11:30க்குத் துண்டித்தேன். அவர்களுடைய பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பச்சை நான் அனுப்பும் பொய். அதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் எனக்குப் பொட்டலம் அனுப்புகிறார்கள்.

12:52க்குக் கலம் இறங்கத் தொடங்கியது. 12:58க்கு வழிகாட்டியை அணைத்தேன்.

அவள் கூப்பிட்டாள்: “அண்ணாச்சி, வழிகாட்டி போயிட்டு. மேல ஏற முடியாது, எரிபொருள் பத்தாது. போடுங்க. அண்ணாச்சி, வெளையாடாதிய. போடுங்க.”

கண் இருப்பவள் இறங்குவாள்.

அமைதி. அமைதி. எத்தனை அருமையான அமைதி.

நாள் 55. நேரம் 14:40

கேட்கிறேன். வாக்கியம் தொடர்கிறது. இடையில் ஓர் இடையூறு, தாழ்ந்த அலைவரிசை, பெண் குரலின் சாயல். வடிகட்டியை இறுக்கினேன். போய்விட்டது.

நாள் 55. நேரம் 19:15

இடையூறு திரும்ப வந்தது. இன்னும் இறுக்கினேன். கழிவுக்குப் போ. உன்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த இடம். பூமி வரிசையில் ஏழு அழைப்புகள், எல்லாவற்றையும் மூடினேன். அக்காவின் பெயரும் இருந்தது. மூடினேன்.

நாள் 56

இடையூறு நின்றுவிட்டது. தானாகவே. பார்த்தீர்களா?

நான் நான் நான்தான் கேட்டேன் முதலில் கேட்டவன்

நாள் 64. நேரம் 16:30
காற்று: இயல்பு. மின்சாரம்: 71. தூக்கம்: 15 மணி.

ஏழு நாள் பதிவு இல்லை. படுத்துக்கிடந்தேன், சுவரைப் பார்த்து.

வானத்துப் பதிவை இன்று மறுபடி கேட்டேன். இரைச்சல். வேறு எதுவும் இல்லை. 61 பக்க அறிக்கை 340 பக்கம் ஆகியிருக்கிறது. படிக்க முயன்றேன். அருவருப்பாக இருந்தது.

பிறகு கழிவுக் கோப்பைத் திறந்தேன். நாள் 55, 13:02 முதல் நாள் 56, 00:22 வரை. மொத்தம் 11 மணி 20 நிமிடம். கலம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது, இங்கிருந்து மூன்று கிலோமீட்டரில். ரோஸ்லினின் கால் இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பதினோரு மணி நேரத்துக்குக் காற்று இருந்தது. என்னிடம் வண்டி இருந்தது. நாற்பது நிமிடத்தில் போயிருக்கலாம். முழுவதையும் கேட்டேன். இரண்டு இடங்களை இங்கே பதிகிறேன்.

14:38: “அண்ணாச்சி, கேக்குதா? ஒங்க மேல கோவம் இல்ல. ஒங்க அக்கா எல்லாஞ் சொல்லிட்டாவ. ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்ல, அவ்ளோதான். வண்டிய எடுத்துட்டு மெதுவா வாங்க.”

23:50: “ஒரு டப்பா ஒடையாம இருக்கு அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு மூச்சு மட்டும்.

என்னை இவ்வளவு நாள் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு எழுதிய கையைப் பார்க்கிறேன். என்னைப் பற்றி எழுத இழிவான சொல் ஒன்றைத் தேடினேன். மற்றவர்களுக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன்.

செய்தவை: வழிகாட்டியை மறுபடி இயக்கினேன். அதன் கட்டுப்பாட்டைப் பூமிக்குத் திருப்பிவிட்டேன். இந்தப் பதிவையும் பூமிக்கு அனுப்புகிறேன். அடுத்த கலம் நாள் 70இல் வருகிறது. அதற்குள் நான் என்ன சொன்னாலும், எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும், அந்தக் கட்டுப்பாட்டை எனக்குத் திருப்பித் தராதீர்கள். மீதி மூன்று மாத்திரைகளை உடைத்துக் கழிவறையில் போட்டேன். பெட்டியை அடுத்த காவலர் திறக்கும் முன் அவருடைய வீட்டில் யாருக்காவது சூடு உண்டா என்று கேளுங்கள். நோய் என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

அக்காவுக்கு அனுப்ப ஒரு வரி யோசித்தேன். அனுப்பவில்லை.

நாள் 64. நேரம் 17:05

நலப் பெட்டியின் திரையில் படிவத்தைத் திறந்தேன். கேள்வி 14. உண்டு என்று தொட்டேன்.

திரையில் வந்த பதில்: “திருத்தத்துக்கான காலம் முடிந்துவிட்டது. உங்கள் முந்தைய பதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உங்கள் நலனில் என்றும் அக்கறையுடன்.”

மறுபடி தொட்டேன்.

மறுபடி