போடிமெட்டு ஜீப்பும் பிராங்க்பர்ட் விமானமும்

பிராங்க்பர்ட் விமான நிலையம்
10.9.2025, காலை

அன்புள்ள பானு அப்பாவுக்கு,

போனில் பேசினால் திட்டிவிடுவேன் என்றுதான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். சென்னையில் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. இங்கே மாற வேண்டிய டப்ளின் விமானம் போய்விட்டது. நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிற டிக்கெட்டாகப் போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ஒண்ணேகால் மணி நேரம் போதும்டி, ஆளு வராம எப்பிடி எடுப்பான்?" என்றீர்கள். போடிமெட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஆளில் ஒருத்தி குறைந்தாலும் ஜீப்பைக் கிளப்பாத மனுசன், உலகமே அப்படி என்று நினைத்துவிட்டீர்கள்.

நாளை காலை எட்டு மணிக்கு டப்ளினில் நம் மகள் பானுவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்கிறார்கள். அடுத்த இடம் நாளை மறுநாள்தான் என்கிறாள் கவுண்டர் பெண். நான் விடுவதாக இல்லை.

சந்திரவல்லி

போடி
10.9.2025, மதியம்

அன்புள்ள சந்திராவுக்கு,

தப்பு என்னுடையதுதான். ஆனால் அங்கே சண்டைக்கு நிற்காதே. கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு. நம் ஏலக்காயை விற்கிற ஏலத்துக்கு நானும் வருகிறேன் என்று நீ கேட்டபோதும் இதைத்தானே சொன்னேன்? வெளியாளிடம் பேசி ஜெயிக்க உனக்கு வராது. பானுவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பால்பாண்டி

டப்ளின்
11.9.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

ஆமாம், தாத்தாதான். பேத்தி பிறந்திருக்கிறாள். உங்கள் மூக்கு, என்ன செய்ய!

நல்லவேளை, உங்கள் புத்திமதியும் தாமதமாகத்தான் கிடைத்தது. பானு அனுப்பியிருந்த பயணிகள் உரிமைத் தாளை நீட்டி, தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: இரண்டு விமானத்துக்கும் டிக்கெட் ஒன்று, தாமதம் உங்களுடையது. உங்களிடம் இடமில்லை என்றால் வேறு கம்பெனி விமானத்தில் அனுப்புங்கள், அதுவரை சாப்பாடு கொடுங்கள். முடியாது என்றாள். "அப்ப முடியாதுன்னு எழுதிக் குடும்மா" என்றேன். உள்ளே போனவள் திரும்பி வந்து சாயங்கால விமானத்துக்குச் சீட்டு கொடுத்தாள். சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தாள். ரொட்டி சப்பென்று இருந்தது. பானுவுக்கென்று கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்வரை பானு என் கையை விடவில்லை.

சந்திரவல்லி

போடி
20.9.2025

அன்புள்ள சந்திராவுக்கு,

கெட்டிக்காரி நீ. முப்பது வருசம் கூட இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. உன் சங்கதியைப் பக்கத்து ஊர் சிலமலைவரைக்கும் சொல்லிவிட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும். செவ்வாய்க்கிழமை மலையடிவாரத்து முந்தலில் ஜீப்பு பஞ்சர், இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. காய் எடுக்கப் போகிற ஒச்சம்மாள் இறங்கி வந்து, "அண்ணே, பிளேனே லேட்டானா சோறு போடுதாம்ல, ஒங்க ஜீப்பு என்ன ஒசத்தியா? இல்லேன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க" என்றாள். பத்துப் பேருக்கும் புரோட்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று ஏலத்தில் வியாபாரிகள் நம் ஏலக்காயை மட்டம் என்று தள்ளினார்கள். நல்ல பச்சைக் காய், சந்திரா. எழுதிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ வந்ததும் ஏலத்துக்கு நீயே உள்ளே போ. நான் வாசலில் நிற்கிறேன். எத்தனை மணி ஆனாலும், இந்த ஜீப்பு ஆளை விட்டுவிட்டுப் போகாது.

பால்பாண்டி