கமராக் கண்ணாடி போட்ட வகுப்பு

மடத்துவெளி,
புங்குடுதீவு.

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

அம்பாள் துணை. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். கைத்தொலைபேசி இருக்க அப்பா ஏன் தாளும் பேனையும் எடுத்தார் என்று யோசிப்பாய். தொலைபேசியில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் அம்மா நடுவில் புகுந்து தானே சொல்லி முடித்துவிடுகிறாள், அதுவும் பிழையாக. கடிதத்துக்குள் அவளால் புக ஏலாது. அப்புத்துரை அண்ணையின் மகள் வருகிற கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், அவளுடைய பெட்டியில் ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் இதையும் வைத்து அனுப்புகிறேன். மாரி தொடங்கிவிட்டது, கிணற்றில் உவர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, எங்கள் ஆடு சிவப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான், இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து ஒரு கண்ணாடி தந்தார்கள். மூக்குக் கண்ணாடிதான், ஆனால் சட்டத்தின் மூலையில் மிளகளவு கமரா இருக்கிறது. போட்டுக்கொண்டு படிப்பித்தால் நான் பார்ப்பதையெல்லாம் அது பதிந்துகொள்ளும். பதியும்போது ஓரத்தில் சின்ன வெள்ளை வெளிச்சம் தெரியும். தீவுகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா, அந்தப் பிள்ளைகள் செய்முறைப் பாடத்தை ஆசிரியரின் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். இளம் ஆசிரியர்கள் எல்லோரும் தலைவலி வரும், கண் பழுதாகும் என்று நழுவிவிட்டார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். பரமலிங்கம் சேர் ஓய்வுக்குப் போகமுதல் ஒருமுறை விஞ்ஞானியாகட்டும் என்று பகிடி விட்டார். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, புதுச் சாமான் என்றால் திறந்து பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. நிலாந்தி என்ற பிள்ளை, அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவள், பொறுமையாகப் பழக்கினாள். கண்ணாடிக் காம்புக்குள்ளேயே சின்ன ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் வரும் சத்தம் போட்டிருப்பவனின் காதுக்கு மட்டும்தான் கேட்கும் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு பாட்டுப் போட்டுக் காட்டினாள், பக்கத்தில் நின்ற அதிபருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் சட்டைப்பையில் வைத்ததை நிறுத்த மறந்து ஒரு பாடம் முழுக்க என் பையின் இருட்டைப் பதிந்தேன். இரண்டாம் நாள் இன்னொரு பிரச்சினை. என் வாசிப்புக் கண்ணாடியையும் இதையும் ஒரே மூக்கில் போட ஏலாது. இதைப் போட்டால் வெப்பமானியின் எண் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன். இத்தனை வருடமும் நானே வாசித்து நானே கரும்பலகையில் எழுதி வந்தவன், அவர்கள் வாசிக்கும்போதுதான் பாதிப் பேருக்கு வெப்பமானி வாசிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்தேன்.

ஆனால் கொழும்பில் இருக்கிறவர்கள் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. எங்கள் ஊரில் கமரா என்றால் என்ன, மறுபக்கத்தில் வெளிநாட்டுச் சொந்தம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம். கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் தேர் என்றாலும் கமராக்காரர் வந்து நின்றதும் ஆட்கள் அதைப் பார்த்துக் கனடாவோடும் பிரான்சோடும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். என் கண்ணாடியில் வெள்ளை வெளிச்சம் வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன் எழுந்து லண்டன் மாமாவுக்குக் கை காட்டினான். இன்னொருத்தி தன்னுடைய புதுச் சப்பாத்தை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இது நேரலை இல்லை, பதிவு மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினேன், தலையாட்டினார்கள். பிள்ளைகளை ஏன் குறை சொல்வான், சார்ஜ் போடக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா என்ன செய்தாள் தெரியுமா? சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்று, பிள்ளை நீ நல்லா மெலிஞ்சுபோனாய், நேரத்துக்குச் சாப்பிடு என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து எத்தனை காலமாயிற்று.

இனித்தான் விஷயம். அந்த வகுப்பில் நிலுஜா என்று ஒரு பிள்ளை. யன்னலோரத்து வாங்கில் இருக்கிறவள், கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். கண்ணாடி வந்த இரண்டாவது கிழமையிலிருந்து இவள் கை உயர்த்தத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை முதல் பாடத்துக்குத் தலை படிய வாரிக்கொண்டு ரிபன் கட்டி வருவாள், விடையைச் சத்தமாகச் சொல்வாள், கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டுவாள். எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. என் படிப்பித்தல்தான் பிள்ளையை மாற்றிவிட்டது என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன். கடைசியில் அவளுடைய சிநேகிதி கம்சிகாதான் போட்டுடைத்தாள். நிலுஜாவின் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள், போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. வேலை செய்கிற வீட்டில் நினைத்தபடி போன் எடுக்க விடமாட்டார்கள், குரல் செய்திதான் வரும். பாட்டனுடைய செத்தவீட்டைத் தாய் கமராவில் பார்த்து அழுததை நிலுஜா கண்டிருக்கிறாள். அதனால் என் கண்ணாடியிலும் தாய் பார்ப்பாள் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை முதல் பாடத்துக்கு என்னைப் பாருங்கோ அம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தாய் பதில் போட்டிருக்கிறாள், ஓம் பிள்ளை பார்த்தனான், வடிவாய்ச் சொன்னாய் என்று.

தகப்பன் இலட்சுமணனைக் கூப்பிட்டேன். கடற்றொழில் செய்கிற மனிசன், வலை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளை ஆசையாய்க் கேட்டதும் இல்லை என்று சொல்ல மனிசிக்கு வாய் வரவில்லையாம், ஒருமுறை சொன்னதை ஒவ்வொரு கிழமையும் சொல்ல வேண்டியதாய்ப் போய்விட்டதாம். நான் வகுப்பில் உண்மையைத் திரும்பவும் விளங்கப்படுத்தப் போகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லிப்போடாதேங்கோ சேர். தாய் பொய் சொன்னவ எண்டு தெரிஞ்சா, வாற வருசம் வந்திடுவன் எண்டு அவ சொல்லுறதையும் பிள்ளை நம்பாது.”

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், தெரிந்துகொண்டு ஒரு பொய்யை வகுப்பில் இருக்கவிட எனக்கு மனம் வரவில்லை. அதை உடைக்கவும் மனம் வரவில்லை. உன் அம்மாவிடம் கேட்டேன், பொய்யை மெய்யாக்கிவிட்டால் என்ன என்றாள் குசினிக்குள் நின்றபடியே, ஏதோ கறிக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி. பதிந்த வீடியோவைத் தாய்க்கு அனுப்பலாமா என்று நிலாந்தியிடம் கேட்டேன். பிள்ளைகளின் பதிவு வெளியே போகக் கூடாது, அது கட்டாயம் என்றாள். பிறகு அவளே, கண்ணாடியை வீடியோ அழைப்போடு இணைக்கலாம், ஒன்றும் பதியாது, அழைப்பில் இருக்கிறவர் மட்டும் பார்ப்பார், பெற்றோர் எல்லோரும் சம்மதித்தால் தனக்கும் சம்மதம் என்றாள். அதிபர் பெற்றோரைக் கூட்டினார். நிலுஜா எத்தனை நாளாய் என்ன நினைத்திருந்தாள் என்பதை யாருக்கும் சொல்லவில்லை, தாய் ஒருமுறை வகுப்பைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மட்டும் சொன்னோம், பிள்ளைகளிடம் இதைக் கதைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமில்லை, தங்கள் தம்பியையும் மச்சானையும் சேர்க்க ஏலுமோ என்று கேட்டவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை, தாயும் எப்படியோ கெஞ்சி அரை மணித்தியாலம் வாங்கிவிட்டாள்.

அன்றைக்குப் பாடம் செவ்வரத்தம்பூச் சாறு. தேசிக்காய்ப் புளி விட்டால் நல்ல சிவப்பாகும், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். நிலுஜாவுக்கு அது கண்ணாடி போட்ட இன்னொரு நாள், அவ்வளவுதான். என் காதுக்குள் மட்டும் ஒரு மனிசி மூச்சு விடுகிற சத்தம். நான் வழமை போலப் படிப்பித்தேன், முன்வாங்குப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டேன், பலகைக்குத் திரும்பினேன், கதவடிக்கு நடந்தேன். அப்போது காதுக்குள் மெல்லிய குரல் வந்தது.

“சேர், தலையைத் திருப்பாதேங்கோ. பிள்ளை போயிடுது.”

நிசாந்தினி, அந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். அவளுக்கு என் கண்தான் யன்னல். நான் பார்த்தால் அவளுடைய பிள்ளை இருக்கிறது, நான் மற்றப் பக்கம் திரும்பினால் இல்லை. யன்னலோரத்து வாங்கின் பக்கம் திரும்பி நின்றேன். அன்றைக்கென்று பார்த்து நிலுஜா கை உயர்த்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, கோப்பைக்குள் நிறம் மாறுவதைக் குனிந்து பார்த்தபடி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் சேர், அவள் எழுதட்டும் என்றாள் தாய். கொஞ்ச நேரம் கழித்து, ரண்டு பின்னலும் ஒரு அளவாய் இல்லை, தானே பின்னியிருக்கிறாள் என்றாள். நான் அசையாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பு முழுக்க என்னை விசித்திரமாகப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும் ஏலாது.

அடுத்த திங்கட்கிழமை நிலுஜா இரண்டு பின்னலும் ஒரே அளவாய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா பார்த்துச் சொன்னவ சேர் என்று தானாகவே வந்து சொன்னாள். தாய் அந்த ஒருமுறை சொன்னது மெய். நான் இப்போதைக்கு அத்தோடு விட்டிருக்கிறேன், நான் செய்தது சரியோ பிழையோ என்று நீயும் யோசித்து எழுது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அது அடுத்ததாகக் காரைநகரில் ஒரு ரீச்சரிடம் போகிறதாம். என் மூக்கில் அடையாளம் இன்னும் மாறவில்லை.

இதையெல்லாம் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்களை எடுக்கும்போது போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தபடி கதைக்கிறாய். வேலையும் பிள்ளையுமாய் ஓடுகிறவள், நான் பிழை சொல்லவில்லை. ஆனால் அது சரிந்துபோய் மேலே பார்க்கிறது. நாங்கள் பார்ப்பது உங்கள் வீட்டு முகட்டைத்தான், அதில் ஒரு வட்ட விளக்கும் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கறையும் இருக்கின்றன. நீ நடுவில், தெரியுதே அம்மா என்று கேட்பாய். ஓம் பிள்ளை, வடிவாய்த் தெரியுது என்று அம்மா சொல்லுவாள். ஏன் பொய் சொல்கிறாய் என்று நான் கேட்டால், கரைச்சல் குடுக்கக் கூடாது, குரலாவது வருகுதுதானே என்பாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். சின்னவளுக்கு எங்கள் முத்தம், மருமகனுக்கு எங்கள் அன்பு. ஒடியல் மாவை வெயில் படுகிற இடமாய்ப் பார்த்து வை, பூச்சி பிடித்துவிடும். வருகிற ஞாயிறு எடுக்கும்போது போனைக் கொஞ்ச நேரம் கையில் பிடி மகள், அம்மா உன்னைப் பார்க்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா,
பரமலிங்கம்